சங்குவாடித் தெருவில் அமலோற்பவத்தின் பசி

தூத்துக்குடி சங்குவாடித் தெருவில் டைட்டஸின் பெண்சாதி அமலோற்பவத்தின் பசி, காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு அவளை விட்டு எழுந்து வெளியே போனது. கோபித்துக்கொண்டு போனதா, அலுத்துப்போய்ப் போனதா என்று தெருவில் பிறகு பலரும் பலவிதமாகப் பேசினார்கள். போகும்போது டைட்டஸ் எதிரே உட்கார்ந்து சீலா மீன் வறுவலோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடுவது ஏதோ களவு போல, தலையைக் குனிந்து, மெல்லுகிற சத்தம் வெளியே வராமல், பதினாறு வருஷமாக அந்த வீட்டில் அவன் அப்படித்தான் சாப்பிட்டான். அமலோற்பவத்தின் முன்னால் அவித்த புடலங்காயும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் இருந்தன, நாற்பது நாள் டயட்டில் அது பத்தொன்பதாம் நாள். மடியில் சுருண்டு கிடந்த பூனை எழுந்து, முதுகை நெளித்து, தரையில் குதித்துப் போவதுபோல அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழுந்து, இறங்கி, வாசல் பக்கம் நடந்தது. திரைச்சீலை ஒரு தடவை அசைந்தது.

"கதவச் சாத்துங்க, மண்ணு வருது" என்றாள் அமலோற்பவம் என்கிற அமலி.

அதே நேரம் பக்கத்து வீட்டில் மேபல், வயிறாரச் சாப்பிட்டு முடித்து, குழம்புச் சட்டியைக் கழுவ எடுத்தவள், மறுபடியும் பசித்து அப்படியே நின்றுவிட்டாள். இது தன்னுடைய பசி இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஏனென்றால் வந்த பசி சோற்றைக் கேட்கவில்லை, குழம்பில் கிடந்த மாங்காய்த் துண்டை முதலில் கேட்டது, கொட்டையைச் சப்பச் சொன்னது, அதற்குப் பிறகுதான் சோறு, அந்தச் சோறும் தட்டில் வேண்டாம், சட்டியிலேயே போட்டுப் பிசைந்து தின்று கடைசியில் விரலால் சட்டியைச் சுற்றி வழிக்க வேண்டும் என்றது. மேபல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், அவள் அடுப்படியில் சம்மணம் போட்டு அப்படிச் சாப்பிட்ட ஒரே பிள்ளை, பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயது அமலிதான். மேபல் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"ஏளா அமலி, ஒம் பசி இங்க வந்திருக்குளா."

"என்னது மதினி?"

"ஒம் பசிதான். மாங்காக் கொட்டையச் சப்பிக்கிட்டு இருக்கு."

"நீங்களே வச்சிக்கிடுங்க" என்று அமலி சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக அவள் வயிறு வாயைத் திறக்காமல் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் என்பது இப்படி. பத்தொன்பது வயதில் அவளைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார், கேசரியைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கு" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மற்றவர்களுக்குத் தை, மாசி என்று காலம் போனால் அமலிக்குக் கொள்ளுத்தண்ணி வருஷம், முட்டைக்கோஸ் சூப் வருஷம், வெந்நீரில் தேன் விட்ட வருஷம், டப்பா மாவைக் கலக்கிக் குடித்த வருஷம், சோற்றைக் கண்ணால் மட்டும் பார்த்த வருஷம் என்று போனது. டைட்டஸை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கட்டியது பப்பாளி வருஷத்தில், அம்மா செத்தது ஓட்ஸ் வருஷத்தில். அம்மாவின் முப்பதாம் நாள் சாப்பாட்டில் அத்தனை பேரும் இலையில் உட்கார்ந்திருக்க, அமலி எலுமிச்சைத் தண்ணீர் தம்ளரோடு தூணோரம் நின்றாள். இளைத்தாள், பெருத்தாள், மறுபடி இளைத்தாள், இன்னும் கூடுதலாகப் பெருத்தாள். துறைமுகச் சாலையில் எடை மேடையில் அவளுக்கு வேலை. உப்பு லாரிகள் வெறுமையாக வரும்போது ஒரு எடை, பாரம் ஏற்றிப் போகும்போது ஒரு எடை என்று நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தன்னுடையதைப் பார்ப்பாள்.

பசி மறுநாளும் திரும்பவில்லை. திங்கட்கிழமை மேபல் வீட்டில் இருந்தது, செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்குப் போய், சாப்பிட அடம் பிடிக்கிற ஒரு குழந்தைக்குள் புகுந்து அதை நாலு தோசை தின்ன வைத்தது, புதன்கிழமை பூசையிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரீகளைப் பரோட்டாக் கடை வாசலில் நிறுத்திவிட்டது. ஒரு வாரத்துக்குள் அந்தத் தெருவில் மழை வந்தது, கரண்ட் போனது என்று சொல்வதுபோல, "நேத்து அமலி பசி எங்க வீட்டுல" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். வந்திருப்பது அதுதான் என்று கண்டுகொள்வது சுலபமாக இருந்தது, புளிப்பைத்தான் அது முதலில் தொடும், அப்பளத்தைத் தின்பதற்கு முன் நொறுக்கும். ஒரு வீட்டில் சோறு போடாமல் விட்டுப் பார்த்தார்கள். மதியம் முழுக்க அது வீட்டில் ஒவ்வொருவர் வயிற்றையும் மாறி மாறிப் பிராண்ட, நாலு மணிக்கு அவர்களே தோற்று உப்புமா கிண்டினார்கள்.

ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற வியாகுலம் அண்ணாச்சிதான் ஊர்க் கமிட்டித் தலைவர். அவர் கம்பெனி முற்றத்தில் கூட்டம் போட்டார். இருபத்தாறு வீட்டுக்கும் முறை வைப்பது, முறை வருகிற வீட்டில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவது, அதை யாரும் விரட்டவோ திட்டவோ கூடாது என்று முடிவானது. இது சரிதானா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். சாமியார் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, "பசியா இருக்கவனுக்குச் சாப்பாடு குடுன்னுதான் எழுதியிருக்கு. பசிக்கே குடுக்கலாமான்னு எழுதல. குடுத்தாப் பாவம்னும் எழுதல" என்றார்.

அமலிக்கோ முதல் இரண்டு மாதம் திருவிழாவாக இருந்தது. டயட் சார்ட்டில் எழுதியிருந்தபடி மட்டும் சாப்பிடுவதற்கு அவள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. எண்பத்திரண்டு கிலோ எழுபதாகி, எழுபது அறுபத்தைந்தாகியது. பக்கத்துத் தெருப் பெண்களெல்லாம் வந்து, "பசிய எப்படிக்கா வெளிய அனுப்புனிய?" என்று ரகசியமாகக் கேட்டுப் போனார்கள். பழைய பிளவுசுகள் மறுபடி உடம்புக்குச் சேர்ந்தன. பதினாறு வருஷமாக வாய் திறக்காத டைட்டஸ் மட்டும், "எலும்பு தெரியுது அமலி" என்றான். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிய ஆரம்பித்தது. இத்தனை வருஷமும் அவளுக்குள்ளே இரண்டு பேர் இருந்தார்கள், ஒன்று பசி, இன்னொன்று ஹாஸ்டல் வார்டன் மாதிரி சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நாலு இட்லியை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு என்று சொல்லுகிற ஒருத்தி. இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அந்தச் சண்டைச் சத்தத்தில் ஒரு கதவாவது திறந்து மூடும். பசி போன பிறகு உள்ளே வார்டன் மட்டும்தான். எதிர்த்துப் பேச ஆளில்லை. ஒரு இட்லியை அரை இட்லி ஆக்கினாள், ஆமாம் என்று அமலி கேட்டுக்கொண்டாள், அரை இட்லியும் எதற்கு என்றாள், அதற்கும் ஆமாம். சாப்பிட்டோமா இல்லையா என்றே மறந்துபோய், போனில் அலாரம் வைத்து, மணி அடித்தால் வாயில் போட்டு, காகிதத்தை மெல்லுவதுபோல மென்று, விழுங்கினாள். அவளுக்கு ருசி, வாசனை எல்லாம் மற்றவர்கள் வீட்டில் நடக்கிற கல்யாணம் மாதிரி தூரத்தில் கேட்டது. ஒரு நாள் எடை மேடை அறையில் லாரி நம்பரைப் படித்துக்கொண்டே சாய்ந்து விழுந்தாள். டிரைவர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்து, தன் பையிலிருந்த பன்னைப் பிய்த்து ஊட்டினார். அது பஞ்சு போல வாயிலேயே கிடந்தது. எப்படி விழுங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா கேட்டார், "பசிக்கலையா?"

"பசி தெருவுல இருக்கு டாக்டர்."

டாக்டரம்மாவும் தூத்துக்குடிக்காரர்தான். "எந்த வீட்டுல?" என்று கேட்டு, சீட்டில் ஒரு டானிக்கை எழுதி, அதற்குக் கீழே, 'பசியைத் திரும்பக் கூட்டி வரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அமலி அந்தச் சீட்டோடு முறைவீட்டைத் தேடிப் போனால், அங்கே இல்லை. முறை நின்று ஒரு மாதமாகிறது என்றார்கள். மேபல் வீட்டுக்குப் போன பசி அங்கேயே தங்கிவிட்டது, தெருவும் பிடி அரிசி மிச்சம் என்று விட்டுவிட்டது. மேபல் வீட்டுக்குள் அமலி நுழைந்தபோது மேபலின் புருஷன் இஞ்ஞாசி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், தொண்டையில் புற்றுக்கட்டி வந்து மதுரையில் முப்பத்தைந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்துவிட்டு வந்த பிறகு நாலு கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்காமல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, மாங்காய்க் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே மேபல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். கேக்காத. அவியளுக்குச் சொந்தப் பசி செத்துப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாவ. ஒன்னுத வச்சுத்தான் திங்காவ. எட்டுக் கிலோ ஏறியிருக்கு அமலி. இப்ப நீ கூட்டிட்டுப் போனா நான் எங்க போவேன்?"

"எனக்கும் இறங்கல மதினி. நேத்து வேலையில விழுந்துட்டேன்."

"தெரியும்" என்று மேபல் அழுதாள். "ஒரு மூணு மாசம்."

வெளியே ஒருவரைப் பட்டினி போடாமல் உள்ளே தான் சாப்பிட முடியாது என்கிற இடத்தில் அமலி நின்றாள். "சரி, நான் தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே ஒவ்வொரு நாளும் மதியம் எடை மேடையிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து இஞ்ஞாசிக்கு எதிரே உட்கார்ந்தாள். மனுஷன் அவளுடைய பழக்கத்தில் சாப்பிடுவதைப் பார்ப்பது முதலில் பொறாமையாக இருந்தது, பிறகு கூச்சமாக இருந்தது. இஞ்ஞாசிக்குக் குரல் போய்க் காற்று மட்டும் வரும். அந்தக் காற்றிலும் எரிச்சலாகத்தான் பேசுவார்.

"ஒம் பசி பெரிய அடங்காப்பிடாரிளா. எனக்கு மாங்காய்னாலே பிடிக்காது."

"இப்ப என்ன சொல்லுது அண்ணே?"

"சட்டியக் கொண்டாங்குது. இந்தத் தட்டு ஆகாதாம்."

மேபல் சட்டியைக் கொண்டுவந்தாள். அவர் பிசைந்தார், தின்றார், இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார், ஒரு சாளை மீனை முள் நீக்கினார், பாதியில் கையை எடுத்தார்.

"என்ன அண்ணே, மிச்சம் இருக்கே?"

"போதும்ங்குது."

"யாரு, நீங்களா?"

"நான் எங்க சொன்னேன். ஒம் பசிதான்."

அமலி சிரித்தாள். "அது போதும்னு சொல்லாது."

"தெனமும் சொல்லுது" என்றார் இஞ்ஞாசி. "சட்டியில எவ்வளவு கெடந்தாலும் சரி, ஒரு எடம் வந்தா நின்னுக்கிடும். ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயது வரைக்கும் தெரியாது. ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டால் இது சோற்றை, வீட்டை, தெருவை, துறைமுகத்தில் நிற்கிற கப்பலை எல்லாம் விழுங்கிவிட்டுத்தான் ஓயும் என்று அவள் நம்பியிருந்தாள். அதனால் பட்டினி போட்டு அதன் வாயைப் பொத்தினாள், தாங்க முடியாமல் டயட் உடைகிற நாளில் அடுப்படியில் நின்றபடியே, ஒளிந்து, இரண்டு கையாலும் அள்ளித் திணித்தாள். அது வாயைத் திறந்து போதும் என்று சொல்கிற அளவுக்கு ஒரு தடவையாவது அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில்லை. அன்று அவள் அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாளிலிருந்து மேபல் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். இஞ்ஞாசி சொல்லச் சொல்ல அமலி சாப்பிட்டாள். "புளி கேக்கு" என்றால் ஒரு வாய் குழம்பு, "சோறுங்குது" என்றால் ஒரு கவளம், "போதும்ங்குது" என்றால் கையைக் கழுவினாள். ருசி இல்லை, வாசனை இல்லை, வாய் மட்டும் மென்றது. உள்ளே வார்டன் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் விழாமல் வேலைக்குப் போனாள், இரண்டு மாதம் அப்படி ஓடியது.

மார்கழியில் ஒரு மதியம் இஞ்ஞாசி கையில் கவளத்தோடு அசையாமல் இருந்தார்.

"என்ன செய்யுது?" என்று மேபல் பயந்து கேட்டாள்.

"ரசம் வேணும்" என்றார். "இது அவ பசி கேக்கல. இது என்னுது." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "பொறந்த பிள்ள மாதிரி சின்னதா இருக்கு."

அதற்குப் பிறகு அவர் வயிற்றில் இரண்டு பசி. ஒன்று மிளகு ரசம் கேட்டால் மற்றது புளிக்குழம்பு கேட்டது, ஒன்று தூங்கும்போது மற்றது எழுந்தது, பெரியது சின்னதை மிதித்தது. பத்தே நாளில் மனுஷன் அலுத்துவிட்டார். "ரெண்டு பேரு இருக்க இங்க எடம் இல்ல. அமலி, ஒன்னுதக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அமலி எழுந்து நின்று, வா என்றாள். வரவில்லை. வெறும் வாயால் கூப்பிடாமல், மாங்காய் போட்ட சாளைக் குழம்பை வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். இஞ்ஞாசியின் வீட்டு நிலைப்படி வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"அது ஒன்னய நம்பல" என்றார் இஞ்ஞாசி. "பயப்படுது."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றாள் அமலி.

தெரு முழுக்க யோசனை சொன்னார்கள். நேர்ச்சை வை என்றார்கள், அதட்டிக் கூப்பிடு என்றார்கள். அவள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சார்ட்டைக் கிழித்துப் போட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை, வார்டனுக்கு அது மனப்பாடம். தினமும் மதியம் வாசலைத் திறந்து வைத்து, எதிரே ஆளில்லாத இடத்தில் ஒரு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதைச் சாப்பிட்டாள். சில நாள் அது வாசல்வரை வந்து, உள்ளே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டுப் போய்விடும்.

தை பிறந்து பத்தாம் நாள் இஞ்ஞாசியும் மேபலும் பரிசோதனைக்காக இரண்டு நாள் மதுரைக்குப் போனார்கள். கூட வந்த சின்னப் பசியை மட்டும் கூட்டிக்கொண்டு, பெரியதைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். இருபத்தாறு வீட்டிலும் அவரவர் அளவுக்குத்தான் சமைத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அது ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. வியாகுலம் அண்ணாச்சி தன் வீட்டு ஜன்னலிலிருந்து சத்தம் போட்டார், "அமலி, ஒன்னுத இனிமே நீதாம்மா பாக்கணும்!" ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் தெருக்கோடியிலிருந்து நெருங்கி வந்தது. அமலி தன் கதவைச் சாத்தவில்லை. வேறு எதுவும் செய்யவும் அவளுக்குத் தெரியவில்லை.

அது உள்ளே வந்தது. தட்டு வைத்த இடத்துக்குப் போகாமல் நேராக அவளிடம் வந்து, வயிற்றில் ஏறி, இருபத்திரண்டு வருஷத்தோடு உட்கார்ந்தது. அமலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். தன் தட்டு, எதிர்த்தட்டு, சட்டியில் இருந்த சோறு, குழம்பில் கிடந்த மாங்காய், காலையில் மிஞ்சிய இட்லி, டைட்டஸுக்கு எடுத்து வைத்திருந்த வறுவல் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், சாப்பிடும்போது எல்லாம் ருசித்தது, உப்பு உப்பாக ருசித்தது, மிளகாய் மிளகாயாக எரிந்தது, அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சாப்பிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த டைட்டஸ் வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றான்.

"ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் அவள்.

அவன் உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். சோறு வெந்தது. அவன் இரண்டு பேருக்கும் போட்டான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அப்பளத்தைக் கடிக்கிற சத்தம் அந்த வீட்டில் கேட்டது.

அமலிக்கு இது ஓயாது என்று தோன்றியது, இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும், நாளை வரைக்கும், அரிசி தீர்ந்து கடை தீர்ந்து போகிற வரைக்கும் இப்படியே தின்றுகொண்டிருக்கப்போகிறேன் என்று தோன்றியது. போதும் என்று சொல்லுவதற்கு எதிரே இஞ்ஞாசி இல்லை. முள் நீக்கிய மீனை வாய்க்குக் கொண்டுபோனவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். யாரோ ஏதோ சொன்னமாதிரி இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டாள். ரொம்ப மெல்லிய சத்தம், ஆனால் சண்டை இல்லாத சத்தம். அவள் மீனைத் தட்டிலேயே வைத்தாள்.

"என்ன?" என்றான் டைட்டஸ்.

"போதுமாம்" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது வார்டன் முந்திக்கொண்டாள். நேற்று தின்றதற்கு இன்று மூன்று வேளையும் வெந்நீர், நாளை சூப், எடை மிஷினில் ஏறு, ஏறிப் பார் என்று சாவியை ஆட்டினாள். அமலி குளியலறை வாசலில், எடை மிஷின் முன்னால், ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றாள். வார்டன் சொல்வதெல்லாம் நியாயமாகவே தோன்றியது, இருபத்திரண்டு வருஷமாக நியாயமாகவே தோன்றியிருக்கிறது.

ஏழரை மணிக்கு, நேற்று அத்தனையும் தின்ற ஞாபகமே இல்லாததுபோல, எந்த வெட்கமும் இல்லாமல், பசி கண்ணைத் திறந்து தோசை கேட்டது.

வார்டன் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அமலி தூக்கிய காலைக் கீழே இறக்கி, அடுப்படிக்குப் போய், கல்லை வைத்து, அது காயட்டும் என்று காத்து நின்றாள்.